ஜன்னல் பக்கத்து ஈரம்

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். வேனில் போகிற பிள்ளைகள் 'வேனக்கா' என்று கூப்பிட்டார்கள். அதைக் கேட்டுப் பெற்றவர்களும் அப்படியே கூப்பிட, கடைசியில் தெருவில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. வேன் அவள் கணவனுடையது. அவன் மாரடைப்பில் போனபோது, வண்டியை விற்றுவிடு என்று சொல்லாத ஆள் இல்லை. எல்லோரிடமும் தலையாட்டிவிட்டு, லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து அவன் இருக்கையில் உட்கார்ந்தாள். முதல் வாரம் பிள்ளைகள் மூச்சுவிடாமல் வந்தார்கள். அடுத்த வாரம் ஒருவன் பின்சீட்டில் வாந்தி எடுத்தான், இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும்தான். பிள்ளைகள் பிறக்கவில்லை. கணவனின் தங்கை கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள். "அவனே இல்லாத வீட்டுல நீ எந்த உறவுல இருக்கே?" என்று அவள் அம்மா கேட்டாள். அவளுக்குப் போகத் தோன்றவில்லை. அப்படியே இருந்துவிட்டாள்.

மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வானத்தில் தொங்குகிற கண்ணாடிக் கூண்டில் ஆயுளில் பாதியைக் கழித்தவர். "ஏறினா ஷிஃப்ட் முடிஞ்சுதான் இறங்குவேன். மத்தவன் எல்லாம் பாட்டில் எடுத்துட்டு ஏறுவான். நான் ஒரு நாள் அடக்க முடியாம இறங்கினதில்லை" என்று மகன் இருந்த காலத்தில் பெருமை அடிப்பார். "அப்பா, சாப்பிடறோம்" என்பான் மகன். மகன் போன பிறகு அவர் அந்தக் கதையை எடுப்பதில்லை. மருமகளிடம் சொல்கிற கதையும் அல்ல அது.

இருவருக்கும் நடுவில் அப்படி ஒரு கூச்சம் இருந்தது. அவர் அறைக்குள் அவள் கால் வைத்ததில்லை. வாசலில் நின்று கூப்பிடுவாள். அவள் குளித்துவிட்டு வருகிற நேரத்தில் அவர் நடையில் இருக்கமாட்டார். யாரும் போட்ட சட்டமில்லை. மகன் இருந்தவரை அவன் மூலமாகவே பேசிப் பழகியவர்கள், அவன் போன பிறகு நடுவில் இருந்த அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டு வைத்திருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் கீழ்வீட்டு வாத்தியார் மேலே வந்தார். கைக்குழந்தைக்காரர். புகார் சொல்ல வந்துவிட்டு மன்னிப்புக் கேட்கிற ரகம்.

"மன்னிச்சுக்கங்கக்கா. உங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டுக்கு வந்து போயிட்டு இருக்கு."

"வந்து போகுதா?"

"வருது. போகத்தான் மாட்டேங்குது."

கீழே போய்ப் பார்த்தாள். நடையின் கூரையில், சரியாக மேல்வீட்டுக் குளியலறைக்குக் கீழே, டீ கொட்டி உலர்ந்தது போல ஒரு பழுப்பு வளையம். நடுவில் சுண்ணாம்பு பொருமி, தொட்டால் உதிர்ந்தது. வாத்தியார் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். தொட்டில் நடையிலிருந்து அறைக்குள் போயிருந்தது.

மேல்வீட்டுக் குளியலறையில் ஒரு இரும்புத் தொட்டி இருந்தது. வெள்ளை எனாமல் பூசியது, நாலு கால் வைத்தது, முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. அதில் யாரும் படுத்துக் குளித்ததில்லை. ஒரு முனையில் குழாயும் ஷவரும். அதற்கடியில் நின்று குளித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். இன்னொரு முனை ஜன்னல் பக்கம். அங்கே தொட்டியின் விளிம்பு அகலமாக, ஒரு சின்ன மேடை போல இருக்கும். அதற்கும் சுவருக்கும் நடுவில் எப்போதோ பூசிய பசை மஞ்சளாகிக் கிடந்தது.

குழாய்க்காரரை வரவழைத்தாள். அவருக்கு அந்த வட்டாரத்தில் 'டார்ச்' என்று பெயர். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டே பேசுவார். பாதி புரியும், பாதி எச்சில். சுவரைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார்.

"சுவத்துக்குள்ள போற பைப்புதான். டைல்ஸை உடைச்சுட வேண்டியதுதான்."

"உடைச்சுப் பார்த்து இல்லன்னா?"

"அப்ப அந்தப் பக்கச் சுவர்."

வேனில் எண்ணெய் ஒழுகினால் அவள் உடனே எதையும் கழற்றமாட்டாள். அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு, சொட்டு எந்த இடத்தில் விழுகிறது என்று பார்ப்பாள். "உடைக்கறது எங்கயும் ஓடிப் போகாது. முதல்ல ஒண்ணொண்ணாப் பார்த்துடலாம்" என்றாள். டார்ச்சுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார்.

வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தார்கள். முள் அசையவில்லை. அழுத்தத்தில் தண்ணீர் ஓடுகிற குழாய் உடைந்திருந்தால் அது அசைந்தே ஆகவேண்டும் என்று டார்ச்சே ஒப்புக்கொண்டார். சுவர் தப்பித்தது. அடுத்து ஷவரைத் திறந்து, சுவரில் படாமல் வாளியில் பிடித்தார்கள். கீழே காய்ந்தே இருந்தது. பிறகு தொட்டியை நிரப்பி, நீல மை கலந்து, அடைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். நீலத் தண்ணீர் கடகடவென்று இறங்கிப் போயிற்று. கீழே வாத்தியார் கழுத்து வலிக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பொட்டு நீலம்கூட வரவில்லை.

இதெல்லாம் நடக்கும்போது மாமனார் தன் அறையில் நாற்காலியை விட்டு எழவில்லை. உடைந்த குக்கர் கைப்பிடியைக்கூட எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்கிறவர் அவர். "என்ன மாமா நினைக்கறீங்க?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

"பழைய வீடும்மா. எங்கயோ ஒழுகத்தான் செய்யும். விட்டுடு. அவங்க கூரைக்கு நான் வேணா பெயின்ட் அடிச்சுக் குடுத்துடறேன்."

"ஏணியில ஏறியா?"



தொட்டிக்கு அடியில் ஒரு நட்டை இறுக்கிவிட்டு டார்ச் கிளம்பினார். அதிசயம் போலச் சில நாட்களில் கூரை காய்ந்தது. தெருமுனையில் பார்க்கிறபோதெல்லாம், "எப்படி நம்ம நட்டு?" என்று டார்ச் கேட்டார். பிறகு ஒரு நாள் வாத்தியார் படியேறி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே, "மறுபடியுமா?" என்றாள்.

இந்த முறை அவர் மனைவியும் கூட வந்திருந்தாள். அவள்தான் பகலெல்லாம் வீட்டில் இருப்பவள். "நீங்க காலையில குளிக்கற சத்தம் எனக்குக் கேக்கும்கா. அப்ப சொட்டறதில்ல. நீங்க வேனை எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான் சொட்டுது."

"அப்ப மாமா மட்டும்தானே இருப்பாரு. அவரு விடியறதுக்குள்ள குளிச்சுடுவாரே."

"தண்ணி விழற சத்தம் கேக்குதுக்கா" என்றாள் அந்தப் பெண். குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

டார்ச் திரும்ப வந்தார். நட்டு கைவிட்டதில் அவருக்கு வருத்தம். செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கி, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். ஜன்னல் பக்கம் போய் நின்றதும் அடியில் ஏதோ முனகியது.

"அக்கா, இங்க வந்து பாருங்க. சுவத்து ஓரமா."

குனிந்து பார்த்தாள். அவர் அந்த முனையில் நின்றபோது தொட்டி இம்மியளவு அமுங்கியது. அகலமான விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் மஞ்சள் பசை வாய் பிளந்தது. அவர் நகர்ந்ததும் மூடிக்கொண்டது. அடியில் அந்தக் காலுக்கு முட்டுக் கொடுத்த செங்கல் மக்கிப் போயிருந்தது.

"வழி இதுதான்" என்றார் டார்ச். டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டே பேசினார். "ஆனா எனக்கு ஒண்ணு புரியல. ஷவர் அந்தக் கோடியில இருக்கு. இந்த மூலைக்குத் தண்ணியே வராதே. யாராவது இங்க வந்து நின்னுக்கிட்டு, இந்த விளிம்பு மேல ஈரத்துணியைக் குவிச்சு வெச்சாத்தான் உண்டு. இங்க துணி துவைக்கறீங்களா?"

"மெஷின் இருக்கு. இங்க யாரு துவைக்கறாங்க?"

சொல்லிக்கொண்டே திரும்பினாள். மாமனார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவர் யாரையும் பார்க்கவில்லை. தொட்டியின் அந்த மூலையையே பார்த்தார். பிறகு நடையில் அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து போய், அறைக்கதவு சாத்தப்பட்டது.

செங்கல்லும் பசையும் வாங்கிக்கொண்டு வாரக்கடைசியில் வருவதாகச் சொல்லிவிட்டு டார்ச் போனார். அவள் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். துவைக்கிற சோப்பு எதனால் அவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று அவள் கேட்டுக்கொண்டதே இல்லை. அவர் தன் போர்வையையும் விரிப்பையும் மெஷினுக்குக் கொண்டுவந்து எத்தனையோ நாளாகிறது. "என் துணியை நானே பார்த்துக்கறேன்மா" என்று சொன்னதை, வயதானவரின் வீம்பு என்று விட்டிருந்தாள். சாயங்காலமானால் தண்ணீரே குடிக்கமாட்டேன் என்கிறார். அறை ஜன்னலை எந்நேரமும் திறந்தே வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாக நினைவுக்கு வர வர, நினைப்பதை நிறுத்திக்கொள்ளலாமா என்றிருந்தது. கேட்டுவிடலாம் என்று எழுந்து அவர் அறைவாசல்வரை போனாள். என்னவென்று கேட்பது? திரும்பி வந்து சமையலைக் கவனித்தாள்.

வாரக்கடைசி வருவதற்குள்ளேயே அது நடந்தது. பள்ளிக்கூடத்தில் மின்சாரம் போய், பிள்ளைகளை முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். அவர்களை வீடுகளில் இறக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வீடு வந்தாள். சாவி போட்டுக் கதவைத் திறந்தபோது தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குளியலறைக் கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை.

மாமனார் தொட்டிக்குள், ஜன்னல் பக்க முனையில் நின்றிருந்தார். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தார். இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சோப்பு நுரையில் கிடந்த விரிப்பைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு கால், பிறகு இன்னொரு கால். பக்கத்தில் அந்த அகல விளிம்பில், அலசிய போர்வை குவியலாகக் கிடந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் முதுகு இவ்வளவு ஒடுங்கிப் போயிருப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். திடுக்கிட்டுத் திரும்பினால் வழுக்கிவிடுவார். சத்தமில்லாமல் பின்னால் நடந்து, வெளிக்கதவுக்குப் போய், அதைத் திறந்து ஓங்கிச் சாத்தினாள்.

"மாமா, நான்தான். ஸ்கூல் சீக்கிரம் விட்டுட்டாங்க" என்று அங்கிருந்தே சொன்னாள்.

தண்ணீர் நின்றது. குளியலறைக் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அவள் சமையலறைக்குப் போய், எதற்கென்று தெரியாமல் ஒரு பாத்திரத்தைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். குளியலறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நனைந்த விரிப்பையும் போர்வையையும் வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்? அவள் வெளியே போகிறவரை உள்ளேயே நிற்கலாம் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ.

அவள் போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"மாமா, இறங்கிட்டீங்களா? கீழ வழுக்கும்."

"இறங்கிட்டேன்."

"உட்காருங்க. ஸ்டூல் இருக்கு பாருங்க."

உள்ளே ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்டது. அவளும் நடையில் தரையில் உட்கார்ந்தாள். கதவு நடுவில் இருந்ததால்தான் இரண்டு பேருக்கும் பேச முடிந்தது.

"அந்தக் குழாய்க்காரன் சுவரு, பைப்புன்னு எல்லாத்தையும் பார்த்தான்" என்றார் அவர். கொஞ்சம் நிறுத்தினார். "ஒழுகறது தொட்டி இல்லம்மா. நான்தான்."

அவள் கதவுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தூக்கத்துல எனக்கே தெரியறதில்ல. எழுந்து பார்த்தா நனைஞ்சிருக்கு. முதல்ல எப்பவாவதுதான். அப்புறம் அடிக்கடி ஆயிடுச்சு."

"மெஷின்ல போட்டிருக்கலாமே மாமா."

"உன் துணி போடற மெஷின்ம்மா அது."

அவள் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

"வாத்தியார் வந்து சொன்ன பிறகு, கொஞ்ச நாள் வாளியில பண்ணிப் பார்த்தேன்" என்று அவரே தொடர்ந்தார். "கையில பிழிய வரலை. கால்ல மிதிச்சாத்தான் அழுக்கு போகுது. கம்பியைப் பிடிச்சுக்க அந்த மூலைதான் வசதி. அது அவங்க வீட்டுக்குள்ள போகுதுன்னு தெரிஞ்சும் பண்ணேன் பாரு. கைக்குழந்தை இருக்கற வீடு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"எப்படிச் சொல்றது?"

அவள் கதவடியில் கசிந்து வந்த தண்ணீரை விரலால் ஒதுக்கினாள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார். "அன்னிக்கு நீ போன்ல பேசிட்டு இருந்தே. ஸ்பீக்கர்ல போட்டிருந்தே. அப்பாவுக்கு முடியாமப் போச்சுன்னா சொல்லுங்க அண்ணி, நல்ல ஹோமா பார்த்துச் சேர்த்துடலாம்னு என் பொண்ணு சொன்னா. நீ, பார்க்கலாம்னே."

அவளுக்கு அது நினைவே இல்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டுப் பேசியிருப்பாள். போனை வைப்பதற்காகச் சொன்ன 'பார்க்கலாம்'. அந்த ஒரு வார்த்தையை அவர் இத்தனை நாளும் சுமந்துகொண்டு, அவள் வேன் சத்தம் தெருமுனை தாண்டுகிறவரை காத்திருந்து, தொட்டிக்குள் இறங்கி மிதித்திருக்கிறார்.

"நான் அதை யோசிச்சுச் சொல்லல மாமா."

"தப்புன்னு சொல்லல. நீ ஒண்ணும் நான் பெத்த பொண்ணு இல்ல. உனக்கு என்ன தலையெழுத்து?"

"எனக்கு மட்டும் வேற எங்க போக இடம் இருக்கு?" என்றாள். கோபமாகத்தான் வந்தது. "நீங்க ஹோமுக்குப் போயிட்டா இந்த வீட்டுல நான் யாரு? அதை நீங்க யோசிச்சீங்களா?"

உள்ளே ஸ்டூல் நகர்ந்தது. அவர் அதை நிஜமாகவே யோசித்ததில்லை போலும்.

"கதவு தாள் போடலை" என்றார் கடைசியில்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பேன்ட்டை இறக்கிவிட்டிருந்தார். ஓரம் நனைந்து கணுக்காலில் ஒட்டியிருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் நேராகத் தொட்டிக்குப் போய், விரிப்பை அலசினாள். தூக்கியபோது கனத்தது. "ஒரு முனையைப் பிடிங்க" என்றாள். அவர் எழுந்து பிடித்தார். அவள் ஒரு பக்கமாகவும் அவர் மறுபக்கமாகவும் முறுக்கினார்கள். முதலில் இருவரும் ஒரே பக்கமாகத் திருப்பியதில் துணி சுற்றிச் சுற்றி வந்ததே தவிரப் பிழியவில்லை. "அந்தப் பக்கம் மாமா" என்றாள். அவர் மாற்றித் திருப்பினார். தண்ணீர் திரண்டு தொட்டியின் நடுவில் விழுந்தது.

அன்று முதல்முறையாக அவர் அறைக்குள் போனாள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் கயிறு கட்டியிருந்தார், வெளியிலிருந்து யார் பார்த்தாலும் தெரியாதபடி தாழ்வாக. மெத்தைமேல் சிமென்ட் சாக்கின் பிளாஸ்டிக் உள்ளுறையை வெட்டி விரித்திருந்தார். துறைமுகத்தில் கயிறு கட்டிப் பழகிய கை. முடிச்சுகள் ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தன. ஒரு மூலையில் மகனின் படம் இருந்தது. அதன் முகம் கயிற்றில் தொங்கும் துணியைப் பார்க்காமல் சற்றுத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. ஜன்னலைச் சாத்துவது போலத் திரும்பி நின்றுகொண்டாள்.

சாயங்காலம் கீழே போனாள். "எங்க வீட்டுத் தப்புதான். எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டோம். இனிமே வராது" என்றாள். எங்கே, எப்படி என்று வாத்தியார் கேட்க ஆரம்பித்தார். அவர் மனைவி, "கண்டுபிடிச்சுட்டாங்கல்ல, விடுங்க" என்று பேச்சை முடித்துவிட்டாள். படியேறும்போது அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்று வேனக்கா யோசித்தாள். பகல் முழுவதும் தலைக்கு மேல் கேட்கிற சத்தத்துக்கு அர்த்தம் தெரியாமலா இருக்கும்?

டார்ச் சொன்னபடி வந்தார். மக்கிய செங்கல்லை எடுத்துவிட்டுப் புதிதாக முட்டுக் கொடுத்தார். பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியைத் தண்ணீரால் நிரப்பச் சொன்னார். "பாரம் இருக்கும்போது எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரியட்டும். அப்பப் பூசினாத்தான் நிக்கும். காலியா இருக்கும்போது பூசினா, ஆள் ஏறினதும் பிஞ்சுடும்." நிரம்பிய தொட்டியை மறுநாள்வரை தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் எப்படி அந்த மூலைக்கு வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று அவள் பயந்துகொண்டேதான் இருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக மாமனார் ஒத்துக்கொள்ளச் சில நாள் பிடித்தது. வரிசையில் உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் வந்து, "உங்க பொண்ணுங்களா?" என்று கேட்டாள்.

"மருமக" என்றார் அவர், சற்று உரக்கவே. "என் பையனோட சம்சாரம்."

முறை வந்ததும் எழுந்தார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "வா."

"நானா? நான் வெளியில இருக்கேன் மாமா."

"நீ வெளியில இருந்தா, கால்வலின்னு மட்டும் சொல்லிட்டு வந்துடுவேன்."

உள்ளே போனாள். அவரே சொன்னார், ஒன்றையும் விடாமல். அவள் மேசைமேல் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்திரப்பைக்கு அடியில் இருக்கிற சுரப்பி வீங்கியிருக்கிறது, இந்த வயதில் பலருக்கும் வருவதுதான், மாத்திரையில் குறையும், முழுதாக நிற்கும் என்று சொல்லமுடியாது என்றார் டாக்டர். கேட்கிறவருக்குக் கூச்சமாக இருக்குமே என்று குரலைத் தாழ்த்தாமல், சளி இருமலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். மாமனாருக்கு அது பிடித்துப்போயிற்று. "நல்ல டாக்டர்" என்று வேனில் வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த வாரம் மகள் போன் செய்தபோது, மருமகளிடம் கையை நீட்டி அவரே வாங்கிக்கொண்டார்.

"நான் எங்கயும் வரலை. எனக்கு ஒரு வியாதி இருக்கு. பேரு வாயில நுழையல. மாத்திரை இருக்கு. இங்க ஆள் இருக்கு. நீ பிள்ளைங்களைக் கூட்டிட்டு லீவுக்கு வா." மகள் ஏதோ கேட்டாள். "என்ன வியாதின்னா, படுக்கையை நனைச்சுடறேன். போதுமா?" என்றார். போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கி வைத்தாள்.

மாத்திரை பாதிதான் வேலை செய்தது. சில காலைகளில் அவர் அறையிலிருந்து வரத் தாமதமாகும். அவளுக்குப் புரிந்துவிடும். "இன்னிக்கு இருக்கும்மா" என்பார். அவள் போய் விரிப்பை உருவி எடுத்து மெஷினில் போட்டுவிட்டு வேனைக் கிளப்புவாள். அதைப் பற்றி அதற்கு மேல் பேச்சு இருக்காது. அவளுக்குச் சலிப்பு வராமலும் இல்லை. இரண்டு மூன்று நாள் அடுத்தடுத்து வந்தால் விரிப்பை உதறுகிற வேகத்தில் அது தெரியும். அவருக்கும் கேட்கும். அன்று அவர் பாத்திரம் முழுவதையும் கழுவி வைத்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைத்த விரிப்பை எடுத்துக்கொண்டு வழக்கம்போல அவர் அறைக்குள் போனாள். கயிற்றைக் காணோம். அவர் தெருவைப் பார்த்த முன்பக்க பால்கனியில் நாற்காலிமேல் ஏறி நின்று, அதைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இறங்குங்க மாமா முதல்ல."

"உள்ள காயற துணியில வாடை போக மாட்டேங்குது" என்றார். "இங்கதான் வெயில் வருது."

கீழே தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டில் ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவர் முடிச்சை இறுக்கிவிட்டு அவள் தோளில் கைவைத்து இறங்கினார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து விரிப்பைக் கயிற்றின்மேல் போட்டார்கள். அவர் ஓரங்களை இழுத்துச் சமன் செய்துவிட்டு, உள்ளே போய் கிளிப்புகளை எடுத்துக்கொண்டு வந்தார்.